முதலில் சட்டையைக் கழற்று

செவிலியர் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொள்ளத்தான் அவசரம். காரங்காட்டில் வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்க என்னைக் கூட்டிப்போன கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா, அதைப் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். "மொதல்ல பிள்ளை சட்டையக் கழட்டு. நெஞ்சப் பாரு."

ஐப்பசி, கார்த்திகை மழையில் அலையாத்திக் காட்டை ஒட்டிய அந்த மீனவர் ஊரில் வீட்டுக்கு வீடு மூக்கொழுகும். வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் சளி. கைக்குழந்தைக்கோ அதே கிருமி, பெரும்பாலும் ஆர்எஸ்வி வைரஸ், நுரையீரலின் நுண்குழாய்கள்வரை இறங்கி அவற்றை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும். இதுதான் பிராங்கியோலைட்டிஸ். இளைப்பைக் கேட்டால் ஆஸ்துமா என்று தோன்றும்; காய்ச்சலைப் பார்த்தால் நிமோனியா என்று தோன்றும்.

அக்கா எனக்குக் கற்றுத்தந்தது மூச்சை எண்ணுவதைத்தான். பிள்ளை அழாமல் தாய் மடியில் கிடக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் விடமாட்டார். பச்சைக் குழந்தை சீராக மூச்சு விடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50. அதைத் தொட்டாலே வேக மூச்சுதான். வாய் எண்ணிக்கொண்டிருக்க, விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா என்று கண் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் நாலு மாதக் குழந்தை. சளி பிடித்து மூன்றாம் நாள். மூச்சு 46, குழி விழவில்லை. நெஞ்சில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மின்னியது. "கர்கர்னு இழுக்குது நர்ஸம்மா, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றார் அப்பத்தா. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பே வரவைக்கும் என்று சொல்லி அக்கா எண்ணெயைத் துடைத்தெடுத்தார். சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்றார். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியைத் துடைத்ததும் பிள்ளை மார்பைப் பற்றிக் குடித்தது. மூக்கு அடைத்தால் குழந்தையால் பால் குடிக்க முடியாது; கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டும் இந்த நோய்க்கு வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே வழிகாட்டியிருக்கிறது. அப்பத்தா முகத்தில் திருப்தி இல்லை. அந்த முகத்தைத் தாங்கிக்கொள்வதுதான் இந்த வேலையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "ஊசி போடாத வீட்டுக்கு மறுநாளும் போகணும்." மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் இந்த நோய் முற்றும். மறுநாளும் போனோம், மறுபடி சட்டையைக் கழற்றி எண்ணினேன்.

இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் பால் வழக்கத்தில் பாதிகூட இறங்காவிட்டாலோ, நெஞ்சில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நடுவில் நின்று நின்று வந்தாலோ, நடுச்சாமம் ஆனாலும் 108ஐ அழையுங்கள். அப்போது பிள்ளைக்குத் தேவை ஆக்சிஜன். அது வீட்டில் கிடைக்காது.