விடுப்புக்காரிகள்

"தங்கச்சி, இங்க கொசிப் கூட. காது குடுக்காதையும்."

லண்டனில் துப்புரவு வேலைக்குப் போன முதல் நாள், எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த அக்கா ஒருவர் சொன்ன புத்திமதி. ஊரில் நாங்கள் இதை 'விடுப்பு' என்போம். (தமிழ்நாட்டுச் சிநேகிதியிடம் சொன்னால், லீவு கேட்கிறேன் என்று நினைக்கிறாள்.) சொன்ன அக்காவே அன்று மத்தியானம் முழுக்க விடுப்புத்தான் கதைத்தார்.

அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் எனக்குத் தெரியவந்தது பல வருடங்கள் கழித்து. பழைய ஆங்கிலத்தில் அது 'கொட்சிப்'. கொட் கடவுள்; சிப் என்றால் சொந்தம். 'சிப்ளிங்'கில் இருப்பதும் அதே சிப்தான். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தாயும் ஞானத்தகப்பனும்தான் முதல் கொசிப்புகள். பிறகு நெருங்கிய சிநேகிதிகளுக்கும் அந்தப் பெயர் வந்தது, முக்கியமாகப் பிள்ளைப்பேற்றுக்குத் துணையிருக்க அழைக்கப்பட்ட அயல் பெண்களுக்கு.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருத்திக்கு வலி கண்டால் இவர்கள் வந்துவிடுவார்கள். ஆண்கள் வெளியே. திரைச்சீலையை இழுத்து மூடி, சாவித் துவாரத்தையும் அடைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் மருத்துவிச்சியோடு இருப்பார்கள். ஏல் அல்லது வைனைச் சூடாக்கி, முட்டை, சீனி, வாசனைச் சரக்கு போட்ட 'கோடில்' என்ற பானம் பெற்றவளுக்கும் வந்தவர்களுக்கும் உண்டு. தாய் ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டோடு இருந்துவிட்டுத் தேவாலயம் போவாள். இதை வாசித்தபோது எங்கள் வீட்டு அறைதான் கண்ணுக்குள் வந்தது: மல்லி, மிளகு, வேர்க்கொம்பு இடித்த சரக்கின் மணம், 31ஆம் நாளில் துடக்குக் கழிவு.

இத்தனை பெண்கள் ஓர் அறைக்குள் இருந்தால் கதை வராதா? கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது. 1755இல் சாமுவேல் ஜோன்சனின் அகராதி இச்சொல்லுக்கு மூன்று பொருள் சொல்கிறது. முதலாவது ஞானப்பெற்றோர். அடுத்தது கூடிக் குடிக்கும் கூட்டாளி. மூன்றாவது, பிள்ளைப்பேற்று வீட்டுப் பெண்கள்போல அலம்பித் திரிகிறவர். அடுத்த நூற்றாண்டில் ஆளைக் குறித்த சொல் வம்புப் பேச்சையும் குறிக்கத் தொடங்கியது. பிரெஞ்சிலும் இதே கதைதான்: ஞானத்தாய் முறையான 'கொமெர்', அங்கேயும் வம்புக்காரியாகிவிட்டாள்.

என் மகள் 1996இல் பிறந்தாள். அம்மா வன்னியில், இடம்பெயர்ந்து, தொலைபேசிக்கு எட்டாத இடத்தில். என் கணவருக்கு இரவு வேலை. என்னோடு இருந்தது மிட்வைஃப் மட்டும். அந்தச் சொல்லுக்கே 'கூட இருக்கும் பெண்' என்றுதான் பொருள். ஆனால் ஷிப்ட் முடிய அவவும் போய்விட்டா.

மூன்றாம் நாள் வீட்டுக் கதவைத் தட்டியது அந்த அக்கா. கையில் ஃபிளாஸ்க் நிறையச் சரக்குத்தண்ணி. பிள்ளையை மடியில் வளர்த்திக்கொண்டு, யாருக்கு விசா வந்தது, யார் சூப்பர்வைசரோடு சண்டை பிடித்தது, யாருடைய சீட்டு முறிந்தது என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார். பிள்ளை பிறந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மகளுக்கு வருகிற ஆவணியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மல்லி வறுக்கத் தொடங்கிவிட்டார்.