கட்டியாய் வந்த கருவி

கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, அதன் பின்சுவராகிய விழித்திரையைப் படம்பிடிக்குங் கமராவை, நீரிழிவுக்காக வைத்தியசாலை செல்வோர் கண்டிருப்பர். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கண்நோக்கியின் வழித்தோன்றல் அது. இத்தகைய கருவிகளின் வில்லைகளைக் கணிப்பது என் தொழில். அத்தொழிலில் வெளியார் அறியாத வேலையொன்றுண்டு.

வில்லைகளைத் தாங்குங் குழலையும் திருகாணிகளையும் வரைபவர் இயந்திரப் பொறியியலாளர். அவர் வரைந்தது, 1994இல் சர்வதேச நியமமாக வெளியான ‘ஸ்ரெப்’ என்னுங் கோப்பு வடிவில் என் கணினிக்கு வந்து சேரும். அவருக்கு வேண்டுவன உருவமும் அளவுமே. ஒளிக்கோ அவை போதா. தான் புகுவது கண்ணாடியா, கரிய அலுமினியமா என்பதே அதற்குத் தலையாய வினா. ஒளியியல் மென்பொருளிற் பொதுவாக ஒரு பொருளுக்கு ஒரு பதார்த்தத்தையே குறிக்கலாம். முழுத் தொகுதியும் ஒரே கட்டியாய் வந்துவிட்டாற் சங்கடந்தான். கண்ணாடியெனக் குறித்தால் திருகாணிக்குள்ளும் ஒளி புகுந்து செல்லும். உலோகமெனக் குறித்தால் வில்லையே குருடாகிவிடும்.

ஆகவே, கோப்பைத் திறக்கும்போதே உறுப்புறுப்பாகப் பிரித்துத் தருமாறு பணிக்க வேண்டும். பிரிந்தபின்னும் ஒவ்வோர் உறுப்பும் தன்னிடம் விட்டு அசையாது நிற்றல் அவசியம். இது நிமிட வேலை. பெயரற்று நிற்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு, இன்னதென அறிந்து, பெயரும் பதார்த்தமும் இடுவதே உழைப்பு.

எம்மிடம் பயில வந்த மாணவியொருத்தி, “ஐயா, இத்தனை ஆணிகளையும் வைத்திருக்கத்தான் வேண்டுமா?” என்று வினவினாள்.

“ஒளி எட்டாத ஆணிகளை நீக்கிவிடு, பிள்ளை. அவற்றின் புரிகள் கணிப்பைத் தாமதப்படுத்துமேயன்றி வேறொன்றுஞ் செய்யா. வில்லைகளுக்கிடையே நிற்கும் வளையங்களை மட்டும் தொடாதே” என்றேன்.

எல்லாவற்றினும் தொல்லை தருவது ஒட்டுவில்லை. 1.52, 1.62 என்னும் முறிவுச் சுட்டிகளையுடைய இரு கண்ணாடிகள் ஒட்டியிருக்கும் முகத்தில் 0.1 வீத ஒளியே தெறிக்கும். கோப்பு மாறுகையில் அவற்றிடையே மயிரிழையினும் மெல்லிய இடைவெளி தோன்றிவிட்டால், மென்பொருள் அதனைக் காற்றென்றே கொள்ளும். இரு முகங்களிலுமாக ஏறக்குறைய 10 வீதம் தெறிக்கும். இல்லாத ஒளியைத் தேடி நாட்கணக்கில் அலைய நேரிடும். அதனால் நான் வரைபடத்து வில்லைகளை நீக்கிவிட்டு, வளைவாரைகளைக் கொண்டு மென்பொருளிலேயே புதிதாய் அமைப்பது வழக்கம். வீண்வேலை என்பாரும் உளர், இருக்கட்டும்.

இவ்வளவு கவனம் ஏனெனின், விழித்திரையிலிருந்து மீளும் ஒளி மிகச் சொற்பம். கண்ணின் முன்முகமாகிய விழிவெண்படலமோ தன்மீது நேரே படும் ஒளியில் 2.5 வீதத்தைத் தெறிக்கின்றது. எனவேதான் கண்மணியின் ஓரத்தால் ஒளியைச் செலுத்தி, நடுவால் மீளப் பெறுகின்றோம். 1911இல் நோபல் பரிசு பெற்ற குல்ஸ்ட்ராண்டின் வழி அது. அத்தனை முயன்றும், கருவியின் உள்வளையமொன்றின் மினுக்கம் படத்தில் வெண்புள்ளியாய் விழுமாயின், நீரிழிவினாற் கசிந்த கொழுப்புப் படிவோ என வைத்தியர் ஐயுறுவார். உண்மைப் படிவு அதனடியில் மறைந்துபோதலும் கூடும்.

அண்மையில் ஒரு கருவியில் அத்தகைய மினுக்கத்தைக் கண்டோம். மூன்றாம் வளையத்தின் உட்சுவரே அதற்கு மூலமென்பது, பிரித்துப் பெயரிட்டிருந்தமையால் ஒரே மாலையிற் புலனாயிற்று. அச்சுவரில் நுண்புரி வெட்டிக் கறுப்பூட்டுமாறு எழுதியனுப்பினோம். திருத்திய கோப்பு மறுவாரம் வந்தது, மறுபடியும் ஒரே கட்டியாய். நான் வாய்திறக்குமுன் பிள்ளை அதனைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.