புளியங்கொட்டையிலிருந்து தொடங்கு

அடி அண்ணாமலை
பங்குனி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏழாம் வகுப்பில் ‘என்னால் மறக்க முடியாத நாள்’ எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ஒரே சுற்றுலா, ஒரே பிறந்தநாள், ஒரே முடிவுரை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். பிள்ளைகளைக் குறை சொல்லாதே. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் உட்தலைப்பு என்று பழக்கியது ஆசிரியர்களான நாம்தானே? மரம் வளர்ப்பதும் நூலகத்தின் பயனும் அதற்குள் அடங்கும். ஆயா செத்துப்போன அன்று மத்தியானம் தனக்குப் பசித்தது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருந்தால், அதை எந்த உட்தலைப்பில் வைக்கும்?

அதனால் எழுதச் சொல்வதற்கு முன்னால் படிக்க வை. நான் அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுக’ளில் ஆரம்பிக்கிறேன். ராக்கெட்டுக்குப் போகாதே. 1939-ல் உலகப்போர் தொடங்கியபோது கலாமுக்கு எட்டு வயது. புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி. பொறுக்கிக்கொண்டு போய் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருக் கடையில் கொடுத்தால் நாளுக்கு ஓரணா. அந்தக் கிராக்கி ஏன் வந்தது என்று பெரியவரான பிறகும் தனக்குப் புரியவில்லை என்று அப்படியே எழுதிவிட்டுப் போகிறார். இங்கே பல வீட்டில் இப்போது புளி தட்டுகிற காலம். அந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் வகுப்பில் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டையை யார் வாங்குவார்கள், கையெல்லாம் எப்படிப் பிசுபிசுக்கும், அம்மா எவ்வளவு நேரம் குனிந்தே உட்கார்ந்திருப்பாள்... ஒரு பெரிய மனிதரின் புத்தகத்தில் புளியங்கொட்டைக்கு இடம் உண்டு என்று தெரிந்ததே பாதி பாடம்.

மீதிப் பாதிக்குப் பாமாவின் ‘கருக்கு’. 1992-ல் வந்த புத்தகம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, பள்ளி விட்டு வரும் வழியில், தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்று நினைக்கிறவருக்காக அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறார். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இந்தப் பகுதி இருக்கிறது. ஏழாம் வகுப்புக்கும் தாராளமாகப் புரியும். இதை மெதுவாகப் படி பாப்பா. சிரித்த சிறுமியும் அங்கே இருக்கிறாள், பின்னால் கோபப்பட்டவளும் இருக்கிறாள். பெரியவளான பாமா அந்தச் சிரிப்பை அடித்துவிடவில்லை. நினைவைச் சொல்கிற எழுத்தில் எப்போதும் இந்த இரண்டு பேர் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்: அன்றைக்கு அங்கே நின்ற ஆள், இன்றைக்கு எழுதுகிற ஆள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏது பழைய நினைவு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் வகுப்பில் இருந்த தன்னை அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

நான் கேட்பது இரண்டே கேள்வி. அப்போது உனக்கு என்ன தெரிந்திருந்தது? இப்போது என்ன தெரியும்? ஒரு பெண் கிரிவலம் பற்றி, “பௌர்ணமி புனிதமான நாள்” என்று ஆரம்பித்திருந்தாள். அவள் அம்மா பௌர்ணமி ராத்திரியில் பாதையோரம் எலுமிச்சம்பழச் சாதம் விற்பவர். நீ எங்கே தூங்குவாய் என்று கேட்டேன். தள்ளுவண்டிக்குக் கீழே சாக்கு விரித்து என்றாள். அங்கிருந்து என்ன தெரியும்? கால்கள். செருப்பில்லாத கால்கள். இவ்வளவு பேரும் அவரவர் வீட்டுக்கு நடந்து போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாளாம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்ததாம். அதை எழுது என்றேன். எழுதினாள். இந்த ஊரைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் அந்தக் கால்கள் இல்லை.

உயர்ந்த நடைக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தைக் காட்டு. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தான் படித்த நூல்களை அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அறுபது வருஷம் கழித்து, சிந்தாமணியையே பதிப்பித்த அந்த மனிதர், அன்றைக்கு அதைத் தான் படித்திருக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறார். பெரியவர் ஒருவர் முன்னால் தெரியாது என்று நின்ற நாள் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. 2024 டிசம்பர் 1-ல் இங்கே திருவண்ணாமலையில் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த மழையை நம் பிள்ளைகள் எல்லாருமே பார்த்தவர்கள். அதை எழுதுங்கள் என்று தலைப்புக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தானாக எழுதியவனை எழுத விட்டேன். இரவு முழுக்க ஒழுகிய கூரையைப் பற்றி மட்டும் எழுதி, அதோடு நிறுத்தியிருந்தான். அப்புறம் என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. எதைச் சொல்வது என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் பிள்ளையின் உரிமை. யாருடைய நோட்டையும் கேட்காமல் உரக்கப் படிக்காதே. ‘தேன்சிட்டு’ இதழுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாயே, அனுப்பு. அதற்கு முன் எழுதிய பிள்ளையிடம் கேள். வீட்டு விஷயம் இருந்தால் அந்த அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சந்திப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆயா பேசுவதை ஆயா பேசுகிற மாதிரியே எழுத விடு. ‘வந்துகினு இருந்தா’ என்றால் அப்படியே இருக்கட்டும்.

‘கருக்கு’ என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. செங்கம் பஸ்ஸில் வரும் நம் சித்தப்பாவிடம் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். வடைப் பொட்டலத்தைப் படித்ததும் உன் பிள்ளைகள் முதலில் என்ன கேட்டார்கள் என்று உடனே எழுது. என் வகுப்பில் முதல் கேள்வி, “அந்த வடையை யாரு டீச்சர் சாப்டாங்க?” என்பதுதான். அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினோம்.

அன்புடன்,
அக்கா