மிதித்ததும் தள்ளியதும்

மோட்டார் வண்டியில் போகிறவர்களுக்கு ஊர் தெரியும், வழி தெரியாது என்பது நமது நெடுநாளைய சித்தாந்தம். நம்மிடம் மோட்டார் இல்லாத காரணத்தினால் பிறந்த சித்தாந்தம் அது என்று வீட்டில் சொல்வதுண்டு. எப்படியானாலும் அதைப் பரீட்சித்துப் பார்த்துவிடுவதென்று, பங்குனி மாதக் கடைசியில் ஒருநாள் விடியற்காலையில், தர்மபுரியிலிருந்து ஒகேனக்கலுக்கு நமது பழைய சைக்கிளில் புறப்பட்டோம்.

நேர்வழி சுமார் 46 கிலோமீட்டர். நாமோ பாப்பாரப்பட்டியைச் சுற்றிக்கொண்டு பென்னாகரம் போவதென்று வைத்துக்கொண்டோம். சாலையோரத்துப் புளியமரங்கள் நிழல் விரித்திருந்தன. புங்கமரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவியது போல் பளபளக்கும் தளிர்களுடன் நின்றன. வேப்பம்பூவின் வாசனை காற்றில் மிதந்து வந்தது. எங்கோ ஒரு குயில் கூவியது. சைக்கிளுக்கு இரைச்சல் இல்லையாதலால், அது கூவி முடிக்கும் வரையில் கேட்க முடிந்தது.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் கைதாகிச் சிறை சென்றவர் அவர். சிறையில் அவரைத் தொழுநோய் பற்றியது. அந்த நோயைக் காரணம் காட்டி, அவர் ரயிலில் ஏறக்கூடாதென்று அன்றைய ஆங்கில சர்க்கார் தடை விதித்தது. அதனால் அவர் ஓய்ந்துவிட்டாரா? புண்பட்ட கால்களுடன் ஊர் ஊராக நடந்து சென்று சுதந்திரப் பிரசாரம் செய்தார்! இவ்வூரில் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கனவு நிறைவேறுமுன், 1925 ஜூலை 23-ந் தேதி, தமது 41-வது வயதில் சிவா இங்கேயே காலமானார்.

அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் புறப்பட்டோம்.

பென்னாகரத்தைத் தாண்டியபின் காடு ஆரம்பமாகிறது. சாலை வளைந்து வளைந்து காவேரியை நோக்கி இறங்குகிறது. இந்த இறக்கத்தைப் பற்றித்தான் பல நாள் ஆசையுடன் எண்ணியிருந்தோம். மிதிக்க வேண்டாம், காற்று முகத்தில் அடிக்க, காட்டின் அழகைப் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா? உண்மையில் நாம் பார்த்தது சைக்கிளின் பிரேக் ஒன்றைத்தான். கை விரல்கள் மரத்துப்போயின. அடுத்த வளைவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. ஒகேனக்கல் வந்து சேர்ந்து, அருவியில் குளித்து, பரிசலில் ஏறிப் பாறைகளுக்கிடையே போய் வந்தபோது, "இவ்வளவு தூரம் வந்தும் காட்டைப் பார்க்கவில்லையே!" என்ற குறை மனத்தில் உறுத்தியது.

இரவு அங்கேயே தங்கினோம். யானைகள் நடமாடும் வழியாகையால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினோம். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் சிறு லாரிக்காரர் ஒருவர், "சைக்கிளைத் தூக்கி மேலே போடுங்க சார், பென்னாகரத்தில் இறக்கிவிடறேன்" என்றார். நமது முழங்கால்கள் உடனே சம்மதித்துவிட்டன. ஆனால், ரயில் மறுக்கப்பட்ட ஒருவர் நடந்த கதையை முதல்நாள்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தோம். வந்தனம் சொல்லி அவரை அனுப்பிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கினோம்.

அப்பொழுதுதான் காட்டைக் கண்டோம்! பாதி மரங்கள் இன்னும் மொட்டையாய் நின்றன. மற்றப் பாதியில் துளிர் விட்டிருந்தது. உசிலை மரங்களுக்கிடையே வெயில் வலை பின்னியிருந்தது. சருகில் ஏதோ சலசலத்தது. நின்று பார்த்தால் ஓர் ஓணான், நம்மைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வேர்வை வழிந்தது, கால் கெஞ்சியது, மனமோ, குழந்தையின் மனத்தைப் போல் நிறைந்திருந்தது.

நேயர்களும் ஒரு பங்குனியில் இவ்வழியே போய் வரலாம். பிரேக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பொழுது சாயுமுன் காட்டைக் கடந்துவிடுங்கள். பாப்பாரப்பட்டியில் அரைமணி நேரமாவது இறங்கிவிட்டுப் போங்கள். திரும்பும்போது லாரிக்காரர் கூப்பிட்டால் ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம்.