விரல் நீட்டுகிறவள்

சித்திரங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. காலண்டர் படத்துக்கு அப்பால் என் ரசனை போனதில்லை. ஆனாலும், நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த ஓவியப் புத்தகத்தில் ஒரு பக்கம் மூன்று நாளாய் என்னைத் தூங்கவிடவில்லை.

ஜேம்ஸ் என்ஸோர் என்ற பெல்ஜியக்காரர் 1890-ல் தீட்டிய தைலவர்ண ஓவியம் அது. 'சூழ்ச்சி' என்று பெயர். அசல், ஆன்ட்வெர்ப் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நடுவில் உயரத் தொப்பி போட்ட ஒரு மனிதன்; அவன் கையைப் பற்றியபடி, பூ வைத்த தொப்பியணிந்த ஒரு பெண். சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு முகமூடிகள். வலப்புறத்தில் ஒருத்தி, பொம்மை போன்ற ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு, அந்த ஜோடியை நோக்கி விரலை நீட்டுகிறாள்.

என்ஸோர் குடும்பத்தாருக்கு ஆஸ்டெண்ட் என்ற கடற்கரைப் பட்டணத்தில் கடை இருந்தது. கிளிஞ்சல்களோடு திருவிழா முகமூடிகளும் அங்கே விற்பனைக்கு உண்டு. ஆகவே முகமூடி அவருக்கு வீட்டுச் சாமான். அவருடைய தங்கை ஒரு சீனரை மணக்க இருந்ததையும், அதற்கு ஊர் வாய் பேசியதையுமே இப்படி வரைந்தார் என்று விமர்சகர்கள் சிலர் சொல்லுகிறார்கள்.

அதைப் படித்த பிறகுதான் என் தூக்கம் போயிற்று.

எனக்கும் ஒரு தங்கை உண்டு, சித்தப்பா மகள். வேற்று ஜாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வரவேற்புக்கு வந்த உறவினர்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் கூடிக் கிசுகிசுத்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை கூட.

ஆறு மாதம் கழித்து, பெயரையும் ஊரையும் மாற்றி, அவளைக் கதையாக எழுதினேன். சுவைக்காக, முடிவில் அவளை அழுதுகொண்டே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரவும் வைத்தேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அவளிடமிருந்து வந்தது ஒரே வரி: "அண்ணா, நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன்."

'எல்லாம் கற்பனை, அம்மா' என்று பதில் போட்டேன்.

என்ஸோரின் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். முகமூடி எங்கே முடிகிறது, முகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு நாளும் அதில் என் அத்தைமார்களைத் தேடினேன். ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். மூன்றாம் நாள், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நீட்டிய விரலில் மைக்கறை இருக்கிறதா என்று பார்த்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தங்கைக்குக் கற்பனை கலவாத ஒரு கடிதம் எழுத வேண்டும். உட்கார்ந்துதான் இருக்கிறேன், 'அன்புள்ள' என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகரவில்லை.