தாவித்தின் ஐந்து நோட்டுகள்

வூச், போலந்து.

வேலம்பாளையத்து உறவுகளுக்கு,

நான் பிழைக்க வந்திருக்கும் இந்த ஊரை நம் பிள்ளைகளின் வரைபடத்தில் லோட்ஸ் என்று போட்டிருப்பார்கள். இங்கே வூச் என்கிறார்கள். நம்மைப் போலவே நூலை நம்பி எழுந்த ஊர். இருநூறு வருஷத்துக்கு முன் சில நூறு பேர் குடியிருந்த இடம், அடுத்த நூறு வருஷத்தில் லட்சக்கணக்கானோர் உழைக்கும் ஆலை நகரமாகிவிட்டது. போலந்தின் மான்செஸ்டர் என்று பெயரும் வாங்கியது. ஜெர்மானிய நெசவாளர்கள் வந்தார்கள், சுற்றுக் கிராமத்துப் போலந்துக்காரர்கள் வந்தார்கள், யூத வியாபாரிகளும் யூதத் தையல்காரர்களும் வந்தார்கள். இஸ்ரேல் போஸ்நான்ஸ்கி என்ற யூத முதலாளி எழுப்பிய செங்கல் ஆலை இன்று மனுஃபக்துரா என்ற பெரிய வணிக வளாகமாக நிற்கிறது. சனி, ஞாயிறில் குடும்பம் குடும்பமாக அங்கே கூடுகிறார்கள்.

1939-ல் இந்த நகரத்தில் மூன்றில் ஒருவர் யூதர். ஏறக்குறைய 2,30,000 பேர். அவர்களில் ஒரு பையனைப் பற்றித்தான் இந்த மடல். அவன் பெயர் தாவித் ஷெராகோவியாக்.

1924 ஜூலை 25-ல் பிறந்தவன். வசதியில்லாத வீடு. அப்பா, அம்மா, ஒரு தங்கை. படிப்பில் படுசுட்டி என்பதால் உதவித்தொகை வாங்கி யூதப் பள்ளியில் படித்தான். 1939 ஜூன் கடைசியில், தெற்கே மலைப்பக்கம் நடந்த மாணவர் முகாமுக்குப் போயிருந்தபோது நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தான். முதல் பக்கங்களில் மலையும் வெயிலும் சிநேகிதர்களும்தான். வீடு திரும்பிய ஆகஸ்ட் மாதத்தில் போர் வரும் என்ற பேச்சு ஊரெங்கும். மற்றவர்களோடு சேர்ந்து பதுங்கு குழி வெட்ட மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் ஊரைத் தானும் சேர்ந்து காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது.

செப்டம்பர் 8-ஆம் தேதி ஜெர்மன் படை ஊருக்குள் வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாகப் பறிபோயிற்று. தெருவில் போகிற யூதர்களைப் பிடித்து இழுத்துக் கட்டாய வேலை வாங்கினார்கள். தாவித்தும் அப்படிப் பிடிபட்டான். வேலை செய்ததைவிட, சுற்றி நின்றவர்கள் முன்னால் அவமானப்பட்டதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. நவம்பரில் யூதக் கோயில்களைக் கொளுத்தினார்கள். உடுப்பில் மஞ்சள் அடையாளம் அணியச் சொன்னார்கள். பின்னர் நகரத்தின் பெயரையே லிட்ஸ்மன்ஷ்டாட் என்று மாற்றினார்கள். 1940 பிப்ரவரியில், வடக்கே இருந்த மிகப் பழைய, மிக ஏழையான குடியிருப்புகளைக் குறித்து, யூதர் எல்லோரும் அங்கே போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏப்ரல் 30-ல் வேலி அடைபட்டது. நான்கு சதுர கிலோமீட்டருக்குள் 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள்.

கெட்டோ என்று அழைக்கப்பட்ட அந்த வேலியடைத்த குடியிருப்பின் ஊடே இரண்டு பெரிய சாலைகள் போயின. சாலை மட்டும் வெளி உலகத்துக்கு. இரு பக்கமும் வேலி. டிராம் வண்டிகள் நிற்காமல் ஓடின. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக, சாலைக்கு மேலே மரப்பாலங்கள் கட்டியிருந்தார்கள். பசியில் காலெடுத்து வைக்க முடியாதவர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கித்தான் தினமும் வேலைக்குப் போனார்கள்.

வேலை! இங்கேதான் நம்மூர்க்காரர்கள் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும்.

கெட்டோவின் யூத நிர்வாகத் தலைவராக ஜெர்மானியர் அமர்த்தியவர் ஹாயிம் ரும்கோவ்ஸ்கி. போருக்கு முன் அநாதைக் குழந்தைகள் இல்லம் நடத்தியவர். எதிரிக்கு நாம் உபயோகமானவர்கள் என்று காட்டிவிட்டால் உயிரோடு விட்டுவைப்பான் என்று அவர் கணக்குப் போட்டார். உழைப்பு ஒன்றே நமக்கு வழி என்பது அவருடைய கொள்கை. சுமார் நூறு பட்டறைகள் எழுந்தன. ராணுவ உடுப்பு தைத்தார்கள், பின்னலாடை போட்டார்கள், ரஷ்யப் பனியில் நிற்கும் சிப்பாய்களுக்கு வைக்கோலில் காலணி முடைந்தார்கள், தோல் வேலை, தச்சு வேலை, உலோக வேலை எல்லாம் நடந்தன. ஜெர்மன் ராணுவத்தோடு, ஜெர்மனியின் தனியார் துணிக் கம்பெனிகளும் இங்கே ஆர்டர் கொடுத்தன. ஹான்ஸ் பீபோ என்ற ஜெர்மானிய வியாபாரி எல்லாவற்றுக்கும் மேலே அமர்ந்து கணக்குப் பார்த்தான். உழைத்தவர்களுக்குக் கிடைத்தது வேலிக்கு வெளியே செல்லாத கெட்டோ பணமும், ஒரு கிண்ணம் சூப்பும், நாள்கணக்குப் போட்டுத் தின்ன வேண்டிய ஒரு ரொட்டியும்.

தாவித்துக்கு அதற்குள்ளும் பள்ளிக்கூடம் கிடைத்தது. கெட்டோவின் ஓரத்தில் மரிஷின் என்ற பகுதியில் நடந்த பள்ளியில் 1941-ல் சேர்ந்தான். பசியோடு தொலைவு நடந்து போவான். அங்கே பாடத்தோடு சூப்பும் கொடுத்தார்கள். கண்ணில் படும் புத்தகத்தையெல்லாம் படித்தான். மற்ற பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தான். மாணவர்களைச் சேர்த்து அரசியல் பேசினான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது: வயிறு காய்ந்தாலும் மூளைக்கு வேலை இருக்கிறவரை அவன் நிமிர்ந்தே நின்றான். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் நாடுகளிலிருந்து 20,000 யூதர்களைக் கொண்டுவந்து கெட்டோவுக்குள் திணித்தார்கள். அவர்களைத் தங்க வைக்கப் பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிகள் திரும்பத் திறக்கவில்லை. தாவித் சேணம் செய்யும் பட்டறைக்குப் போனான்.

அதன்பின் நாட்குறிப்பு மாறிவிடுகிறது. ரேஷனில் என்ன வந்தது, ரொட்டி எத்தனை நாளைக்கு, கிழங்கு அழுகலா நல்லதா, யார் செத்தார்கள். பக்கம் பக்கமாக இதுதான். பசி வீட்டுக்குள் என்ன செய்தது என்பதையும் அவன் மறைக்கவில்லை. அப்பா தன் பங்கைத் தின்று முடித்து, மனைவி மக்களின் பங்கிலும் கை வைத்தார். அப்பாவின் மேல் அவனுக்கு வந்த கோபத்தைப் படிக்க நெஞ்சு கனக்கிறது. அந்தத் தகப்பன் பிறவிக் கெட்டவர் அல்ல. மனிதனிடமிருந்து பாசத்தைக்கூடப் பசி பிடுங்கிக்கொள்ளும் என்பதற்கு அந்தக் குடும்பம் சாட்சி. பட்டினி போட்டவர்கள் உடம்பை மட்டும் கொல்லவில்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு ரொட்டித் துண்டை வைத்து உறவையும் கொன்றார்கள்.

1942 ஜனவரி முதல் ரயில்கள் புறப்பட ஆரம்பித்தன. அவற்றில் போனவர்களை ஹெவ்ம்னோ என்ற கிராமத்தில், மூடிய லாரிகளுக்குள் புகையை விட்டுக் கொன்றார்கள். மே மாதத்துக்குள் சுமார் 55,000 பேர் போய்விட்டார்கள். செப்டம்பரில் வந்த உத்தரவு இன்னும் கொடியது. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், அறுபத்தைந்துக்கு மேற்பட்ட முதியவர்கள், நோயாளிகள், ஆக மொத்தம் வேலைக்கு ஆகாதவர்களை ஒப்படைக்க வேண்டும். செப்டம்பர் 4-ஆம் தேதி ரும்கோவ்ஸ்கி மக்களைக் கூட்டி, பெற்றவர்களிடம் பிள்ளைகளைக் கேட்டார். அநாதைகளை வளர்த்த மனிதர்! மற்றவர்களையாவது காப்பாற்றலாம் என்பது அவர் சொன்ன நியாயம். பிள்ளைகளின் வயதைக் கூட்டி எழுதிப் பட்டறைகளில் வேலை அட்டை வாங்கிவிடப் பெற்றோர் ஓடினார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தைக்கத் தெரியும் என்று சத்தியம் செய்யத் தாய்மார் வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் தாவித்தின் வீட்டுக்கு டாக்டர்கள் வந்தார்கள். அவன் அம்மா வயதானவர் அல்ல. நோயாளி என்று சொல்லும்படியும் இல்லை. மெலிந்துபோயிருந்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் தின்னட்டும் என்று தான் தின்னாமல் விட்டதில் வந்த மெலிவு. அந்த மெலிவையே காரணம் காட்டிக் கூட்டிப்போனார்கள். அந்த நேரத்தில் அப்பா சூப் குடித்துக்கொண்டிருந்தார் என்று மகன் எழுதி வைத்திருக்கிறான். அந்த ஒரு வாரத்தில் 15,000-க்கும் மேற்பட்டோர் ஹெவ்ம்னோவுக்குப் போனார்கள். அம்மா திரும்பவில்லை.

1943 மார்ச்சில் அப்பா இறந்தார். ஏப்ரல் 15-ஆம் தேதியோடு நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி தாவித் இறந்தான். காசநோயும் பட்டினியும். பத்தொன்பது வயது முடிந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. போருக்குப் பின் அந்தக் குடியிருப்புக்குத் திரும்பிய ஒரு போலந்துக்காரர், ஒரு வீட்டின் அடுப்புப் பக்கத்தில் நோட்டுப் புத்தகங்களைக் கண்டார். சில ஏற்கெனவே குளிருக்கு எரிந்துபோயிருந்தன. ஐந்து மிஞ்சின. நமக்கு அவன் கிடைத்தது அந்த ஐந்தால்.

அவனைவிட மூன்று வயது இளைய ரோமன் ஹால்டர் என்ற பையனும் இதே கெட்டோவில் இருந்தான். உலோகப் பட்டறையில் வேலை. 1944 ஆகஸ்டில் கெட்டோவை மூடி, எஞ்சியிருந்த சுமார் 70,000 பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பியபோது, அந்தப் பட்டறைக்காரர்களை மட்டும் தனிக் கூட்டமாக வைத்திருந்தார்கள். ஆஷ்விட்ஸிலிருந்து ஷ்டுட்ஹோஃப் முகாம், அங்கிருந்து டிரெஸ்டன் நகரத்து ஆயுதத் தொழிற்சாலை. கடைசியில் தப்பிப் பிழைத்து லண்டன் போய்ச் சேர்ந்தார். கட்டடக்கலைஞராகவும் கண்ணாடி ஓவியராகவும் பெயர் பெற்று 2012-ல் காலமானார்.

பார்த்தீர்களா, தொழில்தானே அவரைக் காப்பாற்றியது என்று நம்மூரில் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். போலந்தில் எல்லா கெட்டோக்களுக்கும் பிறகு கடைசியாக அழிக்கப்பட்டது வூச். அதற்குக் காரணம் அங்கே நடந்த உற்பத்தி. அந்தக் கோடையில் விஸ்துலா ஆற்றங்கரையில் நின்றுவிட்ட ரஷ்யப் படை நிற்காமல் வந்திருந்தால் பல்லாயிரம் பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் தாவித்தும் வேலை செய்தவன்தானே? அவன் அம்மாவுக்கு என்ன கிடைத்தது? இயந்திரத்துக்குக் கை எட்டாத குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆகஸ்டில் போன ரயிலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தேர்ந்த தொழிலாளிகள். ரும்கோவ்ஸ்கியும் அதே மாதம் ஆஷ்விட்ஸில்தான் மாண்டார். சிலரை உழைப்பு காப்பாற்றியது உண்மை. யாரைக் காப்பாற்றுவது, எத்தனை நாளைக்கு என்பதைக் கொலைகாரன் தன் சௌகரியத்துக்கு முடிவு செய்தான் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

நாம் உழைப்பை நம்புகிற மக்கள். உழைச்சாப் பொழைச்சுக்கலாம் கண்ணு என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். கைமடிக்கப் போன பையன் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து, அப்புறம் சொந்தமாக யூனிட் போட்ட கதை நம் ஒவ்வொரு வீதியிலும் உண்டு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருக்கிறது. கெட்டோவையும் நம்மூர்க் கம்பெனியையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அங்கே செத்தவர்களுக்கும் இங்கே உழைக்கிறவர்களுக்கும் செய்யும் அநியாயம். நான் சொல்ல வருவது அதுவல்ல. உழைப்பு ஒரு மனிதனுக்குச் சோறு தரலாம், மரியாதை தரலாம். வாழும் உரிமையை உழைப்பு தர முடியாது. அது பிறக்கும்போதே வந்தது. உழைத்தால்தான் உனக்கு வாழ்வு என்று ஒரு சமூகம் சொல்லத் துணிந்த நாளில், குழந்தையும் கிழவியும் நோயாளியும் முதல் வண்டியில் ஏற்றப்பட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. இந்தியன் என்று தெரிந்தால் இங்கே சில பெரியவர்கள் நல்ல மகாராஜாவைப் பற்றிப் பேசுவார்கள். ரஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டுத் தாய் தகப்பனை இழந்த போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்கு, 1942-ல் குஜராத்தின் ஜாம்நகருக்குப் பக்கத்தில் பாலாச்சடி என்ற கடலோர ஊரில் இடம் கொடுத்தவர் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங். பெரும்பாலும் கத்தோலிக்கக் குழந்தைகள். யூதக் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். உனக்கு என்ன வேலை தெரியும் என்று அவர் ஒரு குழந்தையையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் வைத்தார், சோறு போட்டார், நான்தான் இனி உங்களுக்குத் தகப்பன் என்றார். வார்சா நகரத்தில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. நான்கு சதுர கிலோமீட்டர் நரகம் நடந்த அதே வருஷத்தில் இதுவும் நடந்தது. அதனால் காலம் அப்படி, வேறு வழியில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

கெட்டோ மக்களை ரயிலேற்றி அனுப்பிய ராதெகாஸ்ட் நிலையத்தை இங்கே நினைவிடமாக்கி வைத்திருக்கிறார்கள். சரக்குப் பெட்டிகள் தண்டவாளத்திலேயே நிற்கின்றன. நீண்ட சுரங்கம் போன்ற கூடத்தில், அனுப்பப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்களை வைத்திருக்கிறார்கள். யூதக் கல்லறைத் தோட்டத்தில் கெட்டோவில் செத்தவர்களுக்கென்றே தனி நிலம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கூட்டி வருகிறார்கள். பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மரம் நட்டு வளர்க்கும் பூங்காவும் இருக்கிறது. ஒரு தொழில் நகரம் தன் தெருவில் நடந்த கொடுமையை மூடி மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. நம் பள்ளிகளில் வரலாற்று வாத்தியார்கள் ஹிட்லர் பாடம் நடத்தும்போது, கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் என்ற எண்ணோடு நிறுத்தாமல் தாவித்தின் பெயரையும் சொல்லட்டும். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு எண்ணைவிட அவன் சீக்கிரம் புரிவான்.

இரண்டாவது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம்மூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். லைன் வீட்டு வாசலில் பகலெல்லாம் விளையாடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை, பாஷை தெரியாததால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கிறது. இன்னும் ரெண்டு வருஷம் போனால் கம்பெனிக்கு ஆவான் என்று அவனை யாரும் அளந்து பார்க்க வேண்டாம். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். அந்தத் தாய்க்குத் தமிழ் வராது. படிவத்தை நிரப்ப நீங்கள் கூட நில்லுங்கள். கையில் தொழில் வருவதற்கு அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதலில் அவன் பிள்ளையாக இருக்கட்டும்.

அன்புடன்,
வூச் நகரத்திலிருந்து உங்கள் ஊர்க்காரன்.