குடிச்சவனுக்கும் அதே 108தான்

இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் கடை மூடிய பிறகு டியூட்டியில் இருக்கும் 108 ஆட்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் சம்பளத்தைப் பற்றிப் புலம்புவார்கள் (அது தனிக் கட்டுரைக்கான மேட்டர்). அடுத்து பேஷன்ட்களைப் பற்றி. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேலே வைத்துக்கொண்டு போய் விழுந்தவர், ஒரே பைக்கில் மூன்று பேராகத் தண்ணி போட்டுவிட்டுப் போனவர்கள், பாம்பு கடித்ததும் இரண்டு மணி நேரம் மந்திரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போன் செய்கிற வீட்டுக்காரர்கள், மாசக்கணக்கில் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிற பெரியவர். ஒவ்வொருவர் மேலேயும் ஒரு கருத்து வைத்திருப்பார்கள். அதுவும் நல்ல காரமான கருத்து. எல்லாவற்றையும் வடிகட்டினால் கடைசியில் மிஞ்சுவது ஒரே வரிதான்: தானே தேடிக்கிட்டது.

அப்படிச் சொல்கிற அதே ஆள் பத்து நிமிஷம் கழித்து ரோட்டில் முட்டி போட்டு, வாந்திக்கு நடுவில், யாரோ ஒரு குடிகாரரின் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு "அண்ணா, கண்ணைத் திறங்க, பேர் சொல்லுங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அண்ணனோ அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒட்டாத மாதிரி தெரியும். இவர் நல்லவரா, கெட்டவரா என்று சந்தேகம் வரும். ஆனால் வேலையே அப்படித்தான். கருத்தை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம், உள்ளே கொண்டுவர முடியாது.

108 வந்த கதையைக் கொஞ்சம் சொல்லலாம். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் இதை ஆரம்பித்தவர் சத்யம் ராமலிங்க ராஜு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் 2009 ஜனவரியும் பொய்க் கணக்கும்தான் ஞாபகம் வரும் :-) அவர் போட்ட கணக்குகளில் உருப்படியாக நின்றது இந்த ஆம்புலன்ஸ்தான் போல. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. போன் செய்தால் யார், என்ன, காசு இருக்கிறதா என்று கேட்காமல் வண்டி வரும். வண்டி ஓட்டுபவரை அவர்கள் பைலட் என்கிறார்கள். பின்னால் பேஷன்ட்டோடு உட்கார்ந்து வருபவர் இ.எம்.டி., அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர்.

சரி, இங்கே ஒரு கேள்வி. கிளாஸில் மாரல் ஹஸார்டு என்று நடத்துவார்கள் இல்லையா, இன்ஷூரன்ஸ் இருக்கிற தைரியத்தில் ஆள் அஜாக்கிரதையாக நடந்துகொள்வது, அதே லாஜிக்கை இங்கேயும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. குடித்துவிட்டு விழுந்தவனிடமாவது பில் வாங்கினால் என்ன, அப்போதுதானே பயம் வரும் என்பார்கள். பேப்பரில் போட்டுப் பார்த்தால் அழகான வாதம். ஆனால் 108 இலவசம் என்பதற்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மண்டை உடைவதே பெரிய பில்தான். அதற்குப் பயப்படாதவர் ஆம்புலன்ஸ் வாடகைக்கா பயப்படப் போகிறார்?

அப்புறம் இன்னொரு விஷயம். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறைக் கடையில் சரக்கு விற்பது அரசாங்கமே. 108க்குக் காசு கொடுப்பதும் அரசாங்கமே. ஒரே கஜானா, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. "தானே தேடிக்கிட்டது" என்று முழுப் பழியையும் ரோட்டில் கிடப்பவர் தலையில் மட்டும் கட்டுவதற்கு முன்னால் லெட்ஜரின் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதற்காகக் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் தப்பே செய்யவில்லை என்று ஆகிவிடாது. எதிரே வந்தவர் என்ன பாவம் செய்தார்?

சட்டம் இதை எப்போதோ பேசி முடித்துவிட்டது. ஒரு ஸ்கூட்டர்காரரைக் கார் இடித்துவிடுகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் இது போலீஸ் கேஸ் என்று சேர்க்காமல், இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விடுகிறது. இந்தச் செய்தியை வைத்து பரமானந்த் கட்டாரா என்பவர் போட்ட வழக்கில்தான் 1989ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: வந்திருப்பவர் நிரபராதியா குற்றவாளியா என்று பார்ப்பது டாக்டர் வேலையில்லை, முதலில் உயிரைக் காப்பாற்று, மற்றதெல்லாம் பிறகு. 2021 டிசம்பர் 18ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டமும் இதே வழிதான். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இலவச சிகிச்சை. ஆரம்பித்தபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். தப்பு யார் மேல் என்று அதில் கேள்வி கிடையாது.

தப்பைக் கேட்க வேறு இடம் இருக்கிறது. தனிநபர் விபத்து பாலிசியை எடுத்துப் படித்தால் போதையில் ஏற்பட்ட காயத்துக்குப் பணம் கிடையாது என்று பெரும்பாலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், விபத்தில் உன் பங்கும் இருக்கிறது என்று தொகையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். போலீஸ் தனி, லைசன்ஸ் தனி. அங்கெல்லாம் கேட்கட்டும், நிதானமாகக் கேட்கட்டும். அவர்களுக்கு டைம் இருக்கிறது.

ஆம்புலன்ஸில் ஏன் கேட்கக் கூடாது என்பதற்கு தர்மம், கருணை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆளை எடை போட ஆரம்பித்தால் நோயைத் தப்பாகக் கணிக்க நேரும்.

பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் ஒருவர் சரிந்து கிடக்கிறார். பேச்சு குழறுகிறது, சட்டையெல்லாம் வியர்வை, தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார். சுற்றி நிற்கிற பத்துப் பேரும் ஒரே தீர்ப்பு சொல்வார்கள்: ஃபுல் தண்ணி. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட நேரமில்லாமல் பஸ் பிடிக்க ஓடி வந்தவராக இருக்கலாம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகளில் எண் தெரிந்துவிடும். 70க்குக் கீழே என்றால் குறைவு. குளுக்கோஸ் ஏறினால் சில நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, என்ன ஆச்சு தம்பி என்று கேட்பார். "குடிகாரன், தெளிஞ்சா எழுந்திருப்பான்" என்று விட்டிருந்தால் எழுந்திருக்காமலே போயிருக்கலாம். நிஜமாகவே குடித்தவருக்கும் இது வரும். வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இறங்கும்.

தலையில் அடி இதைவிட மோசம். கீழே விழுந்தவர் எழுந்து நிற்கிறார், பேசுகிறார், ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம் என்கிறார். மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சில பேர் இப்படி நன்றாகவே இருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கம் சொக்கும். வாயில் சரக்கு வாடை வேறு அடித்தால், தூங்கட்டும் விடு என்று வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துவிடுவார்கள். விடிந்ததும் அவர் அம்மா எழுப்பப் போவார்...

அதனால்தான் நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல், 1974ல் வந்தது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை காலை அசைக்கிறாரா என்ற மூன்றுக்கும் மார்க். முழு மார்க் 15, குறைந்தபட்சம் 3. ஒன்றுமே செய்யாதவருக்கும் 3 மார்க் கொடுக்கிற ஒரே பரீட்சை இதுவாகத்தான் இருக்கும். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் நிலைமை ரொம்ப மோசம். வாடையைப் பார்த்துவிட்டு, குடித்ததால்தான் மார்க் குறைகிறது என்று அவர்களாக முடிவு செய்துகொள்ளக் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினாலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது எவ்வளவு சீரியஸ் என்பதை வைத்துத்தான். ஹெல்மெட் போட்டவர் கையை உடைத்துக்கொண்டு மஞ்சளில் காத்திருப்பார். போடாதவர் சிவப்பில் முதலில் உள்ளே போவார். இது அநியாயம் என்று மஞ்சளில் இருப்பவரின் மச்சான் சத்தம் போடுவார்.

சில சமயம் சத்தத்தோடு நிற்பதில்லை, கையும் நீளும். மருத்துவப் பணியில் இருப்பவர்களை அடித்தால் தண்டனை என்று தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் நடுராத்திரி நெடுஞ்சாலையில் இரண்டே பேர் நிற்கும்போது சட்டப் புத்தகத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. பேஷன்ட்டுக்குப் பொறுப்பு இல்லையா என்று அவர்கள் கேட்பதில் இந்தக் கோபமும் சேர்ந்திருக்கிறது. ஹெல்மெட் போடாததை மன்னித்துவிடுகிறார்கள், ஏன் லேட்டு என்று சட்டையைப் பிடிப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. அந்த லேட்டுக்குப் பல நேரம் காரணம், கூப்பிட்டவர் இடத்தைச் சரியாகச் சொல்லாததும், சைரன் கேட்டும் வழி விடாத கார்களும்.

ஆகவே அவர்கள் புலம்பினால் புலம்பட்டும். ஆஸ்பத்திரி வாசலில் பேஷன்ட்டை ஒப்படைத்துவிட்டு, டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு "இவனுங்க எப்பத்தான் திருந்துவானுங்களோ" என்று திட்டுகிறவர், வண்டிக்குள் ஏறும்போது அதை விட்டுவிட்டு குளுக்கோமீட்டரை எடுத்தால் போதும். டீ முடிவதற்குள் ஸ்ட்ரெச்சரையும் தரையையும் கழுவி, தீர்ந்த கையுறையை நிரப்பி வைக்க வேண்டும். சனிக்கிழமை இரவென்றால் அதற்குள்ளேயே அடுத்த போன் வந்துவிடும்.